துருப்பிடித்த ஜீப்பும் பேசாத பிள்ளையும்

கூடலூர்ப் பக்கத்து மலைப் பாதைகளில் ஜீப் இல்லாமல் காரியம் நடக்காது. தோட்டத்துக்கு ஆள் ஏற்ற ஜீப். நடு இரவில் பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் ஜீப்.

மகிந்திரா கம்பெனி 1947-ல் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அன்று முதல் மலைக்காரர்களுக்கும் ஜீப்புக்கும் உறவு.

அந்த ஜீப் கிழடு தட்டினால் என்ன ஆகும்? கொட்டகையில் நிற்கும். கொடி படரும். கோழி ஏறி முட்டையிடும். கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

கொஞ்சம் பொறுங்கள்! உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆட்டிசம் உள்ள பிள்ளை உண்டா? அந்தத் துருப்பிடித்த வண்டி அந்தப் பிள்ளைக்கு நாலு நண்பர்களைத் தேடித் தரக் கூடும்.

பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. மருந்து கொடுத்துப் போக்குகிற நோய் அல்ல. தடுப்பூசியால் வருவதும் இல்லை.

"தாய் சரியாகக் கொஞ்சவில்லை, அதனால்தான் பிள்ளை இப்படி" என்று ஒரு காலத்தில் டாக்டர்களே பழி சொன்னார்கள். அது தவறு என்று பிறகு தெரிந்தது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் அழுதார்களோ!

எல்லாப் பிள்ளைகளும் ஒன்று போல் இருப்பது இல்லை. சில பிள்ளைகள் பேசவே பேசா. சில பிள்ளைகள் ஒரே விஷயத்தை ஓயாமல் பேசும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. முகம் பார்க்காது. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக் கொள்ளும்.

ஆனால் ஒரு பொருள் பிடித்துவிட்டால் போதும். சக்கரம் சுற்றுவதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும். "இது என்ன கிறுக்கு?" என்று நாம் பிடுங்கி எறிகிறோம். அங்கேதான் கதவை நாமே அடைக்கிறோம்.

லெகோ கட்டைகள் சொன்ன பாடம்

அமெரிக்காவில் டேனியல் லெகாஃப் என்ற மனோதத்துவ நிபுணர் இருந்தார். ஆட்டிசம் உள்ள சிறுவர்கள் இருவர் அவரைப் பார்க்க வந்தார்கள். இருவர் கையிலும் லெகோ என்ற விளையாட்டுக் கட்டைகள். காத்திருக்கும் அறையில் இருவரும் சேர்ந்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்களோடு சேராத பிள்ளைகள் என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள்!

லெகாஃப் அதை ஒரு முறையாகவே ஆக்கினார். ஒரு பிள்ளை படத்தைப் பார்த்து, "இந்தக் கட்டை வேண்டும்" என்று சொல்லும். இன்னொன்று தேடி எடுத்துக் கொடுக்கும். மூன்றாவது பிள்ளை பூட்டும். பிறகு வேலையை மாற்றிக் கொள்வார்கள். இதன் பலனை அவர் 2004-ல் எழுதி வெளியிட்டார்.

இதே அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற பெண்மணி இருக்கிறார். ஆட்டிசம் உள்ளவர், பல்கலைக் கழகப் பேராசிரியர். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவரைக் கேலி செய்து அழ வைத்தார்கள். கேலி இல்லாத இடங்கள் எவை தெரியுமா? குதிரைச் சவாரியும், மாதிரி ராக்கெட் செய்யும் இடமும்தான். அங்கே எல்லாருக்கும் கையில் வேலை இருந்தது.

கொட்டகையில் என்ன செய்யலாம்?

லெகோ விலை அதிகம். ஜீப் கொட்டகையில் சும்மா கிடக்கிறது!

நட்டு, போல்ட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். அளவு பார்த்துப் பிரிக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். நமக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துப் போகும் வேலை. பல ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அலுக்காது. ஒரு நட்டு குறைந்தால் முதலில் கண்டுபிடிப்பதும் அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பையன் "பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்" என்று கேட்கட்டும். இந்தப் பிள்ளை எடுத்துக் கொடுக்கட்டும். பேச வராத பிள்ளையானால் படத்தைக் காட்டிக் கேட்கலாம். முகத்தைப் பார் என்று வற்புறுத்த வேண்டாம். இருவர் கண்ணும் எஞ்சின் மேல் இருந்தால் போதாதா?

கிரைண்டர் சத்தம் சில பிள்ளைகளுக்குத் தாங்காது. பெயின்ட் வாசனையும் அப்படியே. அந்த வேலைகளைப் பிள்ளை இல்லாதபோது வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும் தூள் பிள்ளைகள் பக்கம் போகக் கூடாது. பாட்டரி ஆசிட்டும் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

பிள்ளைக்கு வண்டியில் ஆசை இல்லையா? விட்டுவிடுங்கள். பழைய சைக்கிள், தையல் மிஷின், ரேடியோ என்று எத்தனையோ இருக்கின்றன. ஆசை பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

யானை நடக்கும் ஊரில்

பழைய ஜீப்பைப் பிரித்துப் போட்டால் ஊரில் யார்தான் எட்டிப் பார்க்க மாட்டார்கள்? டிரைவர் வருவார். "கார்புரேட்டர் அடைப்பு" என்பார் ஒருவர். "இல்லை, பிளக்" என்பார் இன்னொருவர். டீ வரும். "இந்தப் பையன் ஏன் பேசுவது இல்லை?" என்றும் யாராவது கேட்பார்கள். அப்போது பெற்றவர்கள் கூசாமல் சொல்லலாம். மேடை போட்டுச் சொல்வதைவிட அது ஆழமாகப் பதியும்.

ஸ்ரீமதுரைக்கு இது மிக அவசியம். காரணம், முதுமலைக் காடு பக்கத்தில் இருக்கிறது. கூடலூர் வட்டாரம் முழுவதுமே யானை நடமாடும் இடம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர், சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்து போய்விடுவார்கள். 2012-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரு முறையாவது அப்படிப் போக முயன்றதாகத் தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை மாலை மங்கும் நேரத்தில் தேயிலைக் காட்டுக்குள் இறங்கினால்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது!

வீட்டுக்குள் மறைத்து வளர்த்த பிள்ளையை வழியில் பார்ப்பவர்களுக்கு அடையாளம் தெரியாது. "ஜீப் வேலை செய்யும் பையன்" என்றால் டிரைவருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். அதட்டாமல் கூட்டி வந்து சேர்ப்பார்கள்.

முதல் பிள்ளையின் கதை

லியோ கேனர் என்ற டாக்டர் 1943-ல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். உலகம் ஆட்டிசத்தை அறிந்துகொள்ள வழி செய்த கட்டுரை அது. அதில் முதல் பிள்ளை டொனால்ட் டிரிப்லெட். சின்ன வயதில் பாத்திரங்களைச் சுழற்றுவதே அவருடைய இன்பம்.

அவர் ஃபாரஸ்ட் என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். அங்கேயே பாங்கியில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ப் ஆடினார், தன்னந்தனியாக ஊர் ஊராகச் சுற்றினார். 2023-ல், 89-ம் வயதில் இறந்தார். அவரைப் பற்றி எழுதப் போன பத்திரிகைக்காரர்களை ஊர்க்காரர்களே எச்சரித்தார்களாம், அவர் மனம் நோக எழுதக் கூடாது என்று!

நம் நாட்டில் 2016-ம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறன் வகைகள் 21 என்று வகுத்திருக்கிறது. ஆட்டிசமும் அதில் உண்டு. டாக்டர்கள் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தால், அரசு உதவிகளுக்கு மனுச் செய்யலாம். நீலகிரிக்காரர்கள் ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். போகும்போது பிள்ளையின் ஆதார் அட்டையையும் போட்டோவையும் எடுத்துச் செல்லுங்கள்.