டிவி பார்த்தால் குழந்தையின் கவனம் சிதறுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

அடுப்பில் குக்கர், லேப்டாப்பில் மீட்டிங். நடுவில் குழந்தையை அரை மணி நேரம் டிவி முன்னால் உட்கார வைக்காத பெற்றோர் குறைவு. அன்றைக்கென்று பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: ‘டிவி பார்க்கும் குழந்தைகளுக்குக் கவனக் குறைபாடு: ஆய்வில் அதிர்ச்சித் தகவல்!’. “ஐயோ, நாமதான் கெடுத்துட்டோமோ?” என்ற உறுத்தல் அன்று முழுக்க விடாது.

இந்தப் பயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆய்வு எது? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எங்கே தொடங்கியது?

2004-ல் அமெரிக்காவின் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நடத்தியது சியாட்டிலைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் டிமிட்ரி கிறிஸ்டாகிஸின் குழு. ஒரு வயதில் 1,278 குழந்தைகளும் மூன்று வயதில் 1,345 குழந்தைகளும் தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்த்தார்கள் என்ற தகவலை எடுத்துக்கொண்டு, 7 வயதில் அவர்களுடைய கவனம் எப்படி இருந்தது என்று பார்த்தார்கள். தினசரி டிவி நேரம் ஒரு மணி கூடும்போது, பின்னாளில் கவனப் பிரச்சினை வரும் வாய்ப்பு சுமார் 9% கூடுகிறது என்றது முடிவு. செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

9% என்றால் எவ்வளவு?

100 குழந்தைகளில் 9 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. அந்த ஆய்வில் சுமார் 10% குழந்தைகள் ‘கவனப் பிரச்சினை உள்ளவர்கள்’ என்று வகைப்படுத்தப்பட்டார்கள். அதாவது, 100-க்கு 10 பேர். 9% கூடினால் அது கிட்டத்தட்ட 11 பேர் ஆகும். அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் குழந்தைகளை எந்த மருத்துவரும் பரிசோதிக்கவில்லை. ‘கவனம் செலுத்தச் சிரமப்படுகிறானா, ஓரிடத்தில் இருக்க மாட்டேன் என்கிறானா’ என்பது போன்ற கேள்விகளுக்கு அம்மாக்கள் சொன்ன பதில்தான் அளவுகோல். ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் உறுதிசெய்வதும் இதுவும் ஒன்றல்ல. டிவிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை என்பதை ஆய்வாளர்களே கட்டுரையில் எழுதியிருந்தார்கள். தலைப்புச் செய்தியில் அந்த வரிதான் காணாமல் போனது.

எது காரணம், எது விளைவு?

ஒரு வீட்டில் அம்மா இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். விளையாட இடமில்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை. அங்கே டிவி அதிக நேரம் ஓடும். பின்னாளில் குழந்தைக்குப் படிப்பில் கவனம் குறைந்தால், காரணம் டிவியா, வறுமையா?

தலைகீழாகவும் நடக்கலாம். பிறந்ததிலிருந்தே துறுதுறுவென்று இருக்கும் குழந்தையைச் சமாளிக்க முடியாமல்தான் பல பெற்றோர் டிவியைப் போடுகிறார்கள்.

2010-ல் மைக்கேல் ஃபாஸ்டர், ஸ்டெஃபனி வாட்கின்ஸ் இருவரும் அதே தரவை மறுபடி அலசினார்கள். மிக அதிகமாக, தினமும் 7 மணி நேரமும் அதற்கு மேலும் டிவி பார்த்தவர்களிடம் மட்டுமே தொடர்பு தெரிந்தது. குடும்ப வறுமை, அம்மாவின் கல்வித் திறன் இரண்டையும் கணக்கில் சேர்த்தபோது அதுவும் மறைந்துவிட்டது.

2021-ல் மேத்யூ மெக்பீ குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதே தரவை, நியாயமான 848 வெவ்வேறு வழிகளில் கணக்கிட்டார்கள். ‘டிவியால் பாதிப்பு’ என்று புள்ளியியல் ரீதியாகச் சொல்லும்படி வந்தவை 166 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்த வழியில் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறுகிறது என்றால், அந்த முடிவின் மேல் பெரிய பாரத்தை ஏற்ற முடியாது.

அப்படியென்றால் பயமே வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. காரணத்தை நேரடியாகச் சோதிக்கும் பரிசோதனைகளும் நடந்திருக்கின்றன. 2011-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், 60 நான்கு வயதுக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வேகமாக ஓடும் ‘ஸ்பாஞ்பாப்’ கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்தது. இன்னொன்று நிதானமான ஒரு கார்ட்டூனைப் பார்த்தது. மூன்றாவது குழு படம் வரைந்தது. உடனே வைத்த சோதனைகளில், வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் இது பார்த்து முடித்த சில நிமிடங்களில் தெரிந்த விளைவு. அது நீடிக்குமா என்பதை இந்தப் பரிசோதனை அளக்கவில்லை.

நம் வீட்டுக்கு நேராகப் பொருந்துவது 2008-ல் வந்த ஆய்வு. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள 50 குழந்தைகளைப் பொம்மைகளோடு ஒரு மணி நேரம் விளையாட விட்டார்கள். அதில் அரை மணி நேரம், பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி பின்னணியில் ஓடியது. குழந்தைகள் அதைப் பெரிதாகக் கவனிக்கவே இல்லை. ஆனாலும் ஒரே பொம்மையோடு தொடர்ந்து விளையாடும் நேரம் குறைந்தது.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால்...

நான்கு கேள்விகள் போதும். பரிசோதனையா, வெறும் ஒப்பீடா? கவனத்தை யார், எப்படி அளந்தார்கள்? குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்தார்களா? சதவீதம் என்றால், எத்தனை பேர் எத்தனை பேராக மாறினார்கள்?

2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. தூக்கம், ஓடியாடும் விளையாட்டு ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்டது அது. அதைப் பின்பற்ற முயல்வது நல்லது. ஒருநாள் அரை மணி நேரம் கூடிப்போனதற்காகக் குழந்தையின் எதிர்காலமே போச்சு என்று தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. மாறாக, யாருமே பார்க்காமல் ஹாலில் ஓடிக்கொண்டிருக்கும் சீரியலையோ நியூஸ் சேனலையோ இன்றைக்கே அணைத்துவிடலாம்.