வகுப்பறைக்குள் என்ன வேண்டும்?

வகுப்பறை உள்ளமைப்பில் முதலில் முடிவாக வேண்டியது வெளிச்சம். ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருந்தால் நேர் வெயில் குறையும். பிள்ளைகளின் இடப்பக்கமிருந்து வெளிச்சம் வருமாறு இருக்கைகளைப் போட்டால், வலக்கையால் எழுதுபவரின் கை நிழல் நோட்டில் விழாது. ஜன்னலுக்கு நேர் எதிரே கரும்பலகை மாட்டினால் பளபளப்பில் எழுத்து மறைந்துவிடும். மேசைமேல் சுமார் 300 லக்ஸ் வெளிச்சம் போதும். டியூப்லைட்டை மின்விசிறி இறக்கைக்கு மேலே பொருத்தினால் மட்டும் நோட்டில் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பெயின்டுக்குச் செலவழிக்கும் நிர்வாகங்கள் ஒலியைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. கான்கிரீட் கூரை, பூசிய சுவர், டைல்ஸ் தரை எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்பும். கடைசி பெஞ்சில் ஆசிரியரின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து கேட்கும். பாடம் நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஒலி சுமார் 0.6 விநாடியில் அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சாலையோரப் பள்ளிக்கு முதல் அளவு எட்டாக்கனிதான். இரண்டாவதை, கூரையில் ஒலி உறிஞ்சும் பலகையும் பின்சுவரில் துணி போர்த்திய அறிவிப்புப் பலகையும் வைத்து நெருங்கலாம்.

இருக்கையில் பார்க்க வேண்டியது, பாதம் தரையில் முழுதாகப் படிகிறதா என்பதே. 119 முதல் 142 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு 35 செ.மீ. உயர இருக்கை, 159 செ.மீ.க்கு மேல் வளர்ந்தவருக்கு 46 செ.மீ. என்பது ஐரோப்பியத் தரஅளவு. ஒரே வகுப்புக்கே இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படும். ஒரே அளவில் மொத்தமாக வாங்குவது மலிவு. குட்டைப் பிள்ளையின் கால்தான் நாள் முழுக்கத் தொங்கும்.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய அம்முறையில் பிள்ளைகள் பாயில் குழுவாக உட்கார்ந்தனர். சுவரின் அடியில் அவர்கள் கைக்கெட்டும் கீழ்மட்டக் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்குமேல் கம்பிப் பந்தல். பெரிய செலவில்லாத இந்த மாற்றம் பல விலையுயர்ந்த உள்ளலங்காரங்களைவிடப் பயனுள்ளது.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். தீ பரவக் கீற்றுக்கூரை காரணமானது. எளிதில் பற்றாத கூரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, பொருள் அடைக்காத படிக்கட்டு ஆகியவை எந்தப் பள்ளிக்கும் அடிப்படை.

தொழிற்பயிற்சி நிலையப் பட்டறையில் வெளிச்சமே ஆபத்தாகலாம். பழைய வகை டியூப்லைட்டின் மினுக்கலில், சுழலும் லேத் நிற்பதுபோல் தோன்றக்கூடும். அதனால் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் இணைப்பார்கள். நடைவழிக்கு மஞ்சள் கோடும், கைக்கெட்டும் இடத்தில் அவசர நிறுத்தப் பொத்தானும் எந்திரங்கள் வந்திறங்கும் முன்பே வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.