தலைவலிக்கு மாத்திரையா, மாத்திரையால் தலைவலியா?



தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையை நாம் எல்லோரும் சொல்லிச் சிரிப்பதுண்டு. இங்கே எழுதப்போவது அதைவிட விசித்திரமான சங்கதி. தலைவலி போகட்டும் என்று போட்டுக்கொள்ளும் மாத்திரையே, நாளடைவில் தலைவலியை உண்டாக்கிவிடுகிறது. இது கட்டுக்கதை அல்ல. உலகெங்கும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட நோய் இது.

நடவுக்குப் போகும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு மாதம் இரண்டு மூன்று தடவை ஒற்றைத் தலைவலி வரும். பொட்டுப் பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி எடுத்துவிட்டு இருட்டறையில் படுத்தால் மறுநாள் சரியாகிவிடும். குறுவை நடவு நேரம். விடியுமுன் நீராகாரம்கூடக் குடிக்காமல் கிளம்பி, நாள் முழுக்க வெயிலில் குனிந்து நிற்கிறார். வலி வந்தால் கூலி போய்விடும். பெட்டிக்கடையில் டீயோடு ஒரு மாத்திரை. அரை மணியில் வலி பறந்தது. அப்புறம் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு மாத்திரை அட்டையும் குடியேறியது. வலி வருமோ என்ற பயத்திலேயே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு வருஷம் கழித்துக் கேட்டால், “மாத்திரை போட்டாத்தாங்க தலை தூக்க முடியுது. போடாட்டி மண்டை கல்லு மாதிரி கனக்குது” என்கிறார். மாதம் மூன்று நாள் இருந்த வலி இப்போது இருபத்தைந்து நாள் இருக்கிறது!

இதில் அவர்மேல் குற்றம் ஒன்றுமில்லை. இது போதைப் பழக்கமும் அல்ல. வலி மருந்து அடிக்கடி உடம்பில் சேரும்போது, வலியை அடக்க மூளையில் இயற்கையாக உள்ள ஏற்பாடு மந்தப்படுகிறது. வலியை உணரும் நரம்புகள் சிறு தூண்டலுக்கும் கிளர்ச்சி அடைகின்றன. மருந்தின் வேகம் தணிந்ததும் வலி மறுபடி எழுகிறது. அதற்கு இன்னொரு மாத்திரை. இப்படியே சுழல்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஏற்கெனவே தலைவலிக் குணம் உள்ளவர்களுக்கே இந்தக் கோளாறு வருகிறது. மூட்டு வலிக்காகத் தினமும் வலி மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் தலை வலிப்பதில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர் இடுப்பு வலிக்கென்று தினம் சாப்பிட்டாலோ, தலை பிடித்துக்கொள்கிறது.

சரி, நம் வலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாள்பட்ட ஒற்றைத் தலைவலியா, மாத்திரைத் தலைவலியா? ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் இது தெரியாது. வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர்தான் இதற்குக் கருவி. தலை வலித்த நாளில் ஒரு வட்டம் போடுங்கள். மாத்திரை போட்ட நாளில் ஒரு கோடு கிழியுங்கள். நன்றாகக் கவனியுங்கள்: எத்தனை மாத்திரை என்பதல்ல, எத்தனை நாள் என்பதே கணக்கு. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு கோடுதான்.

மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலை வலித்து, அதில் 8 நாளாவது மேலே சொன்ன ஒற்றைத் தலைவலிக் குணங்களோடு இருந்தால் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்கிறோம். வலி அதே அளவு நாள் இருந்து, கோடுகளும் மிகுந்திருந்தால் மாத்திரைத் தலைவலி. மிகுதி என்பது எவ்வளவு? பாரசிட்டமால், ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற தனி மருந்தானால் மாதம் 15 நாள். காபிச் சத்து முதலிய பலவற்றைக் கலந்த மாத்திரை, எர்காட்டமின் சேர்ந்த ஒற்றைத் தலைவலி மாத்திரை, டிரிப்டான் வகை ஆகியவற்றுக்கு மாதம் 10 நாளே போதும். அட்டையின் பின்புறம் மூன்று நான்கு மருந்துப் பெயர்கள் இருந்தால் அது கலப்பு மாத்திரை. கடையில் சுலபமாகக் கிடைப்பதில் பல இந்த வகை என்பதுதான் கஷ்டம்.

வலியின் குணத்திலும் சில அடையாளங்கள் உண்டு. கண் விழிக்கும்போதே வலி காத்திருக்கும். தலை முழுவதும் மந்தமாகக் கனக்கும். முன்பு ஒரு மாத்திரைக்கு நின்றது இப்போது இரண்டுக்கும் நிற்காது. ஆனால் இவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே தலையில் சேர்ந்தே இருப்பதும் சகஜம். மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் பார்த்தால்தான் எது எவ்வளவு என்பது வெளுக்கும்.

நமக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று எண்ணவேண்டாம். பெங்களூரு நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. அதன்படி நாலு பேரில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது; நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கு மாத்திரைத் தலைவலி. சுவீடன் நாட்டு ஹுஸ்க்வார்னா ஊரில் 1918 விஷக்காய்ச்சலின்போது ஒரு டாக்டர் கொடுத்த வலிப் பொடியை ஆலைத் தொழிலாளர்கள் காய்ச்சல் தீர்ந்த பிறகும் விடவில்லை. வேலை ஓடவேண்டுமென்று தினமும் சாப்பிட்டார்கள். பல வருஷம் கழித்து அங்கே பலர் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். அந்தப் பொடியில் இருந்த பினாசெட்டின் இன்று புழக்கத்தில் இல்லை. ஆனால் இன்றைய வலி மாத்திரைகளிலும் பல, தினசரி சாப்பிட்டால் வயிற்றில் புண்ணையும், வெயிலில் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்க வல்லவை.

இனி நிறுத்துவதைப் பற்றி. டாக்டரிடம் காட்டிவிட்டே நிறுத்துங்கள். பாரசிட்டமால் போன்றவற்றை ஒரேயடியாக விடலாம். தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற கடும் வலி மருந்து சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்கவேண்டும். இருதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன ஆஸ்பிரினை ஒருபோதும் நிறுத்தாதீர்கள், அது வேறு கணக்கு.

நிறுத்தியதும் என்ன ஆகும்? உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: முதலில் வலி கூடும். இரண்டு நாளிலிருந்து பத்து நாள்வரை குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் இருக்கும். “இதுக்குப் பழைய வலியே தேவலை” என்று தோன்றும். இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். ஆகவே நடவு வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்து களம் ஓய்ந்த மாசி, பங்குனி தோதான காலம். அந்தப் பத்து நாளும் அடுப்படியை யாராவது பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்காரர்களுக்கும் மாமியார்களுக்கும் இதைத் தனியாகச் சொல்கிறோம்: “ஒண்ணு போட்டுக்கிட்டு வேலையைப் பாரேன்” என்ற ஒரு வார்த்தை அத்தனை பாட்டையும் கெடுத்துவிடும். வாந்திக்கும் இடைக்கால வலிக்கும் டாக்டர் மருந்து தருவார். காபி, டீயை அளவாக, ஒரே நேரத்தில் குடியுங்கள். கும்பகோணம் காபி குடித்து வளர்ந்தவர்கள் அதைத் திடீரென்று விட்டால் அதற்கும் ஒரு தலைவலி வரும்! சுக்குப் பற்றுப் போடுவதில் தடையில்லை, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். பட்டினி கூடாது, தூக்கம் கெடக்கூடாது, வயலுக்குத் தண்ணீர்ச் செம்பு இல்லாமல் போகக்கூடாது.

பலருக்கு இரண்டு மாதத்தில் வலி நாட்கள் குறைந்துவிடுகின்றன. எஞ்சி நிற்பது பழைய ஒற்றைத் தலைவலி. அது அடிக்கடி வந்தால் வலி வராமல் தடுக்கும் மருந்து தினசரி சாப்பிட வேண்டியிருக்கும். புரொப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவை அந்த வகை. வலி மாத்திரை அல்ல. இழுப்பு நோய் உள்ளவருக்குப் புரொப்ரனலால் ஆகாது. தடுப்பு மருந்துகளில் சில சிசுவைப் பாதிக்கும். கருவுற்றிருக்கிறீர்களா, பிள்ளை பெற எண்ணமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குடும்பநல மாத்திரை சாப்பிடும் சகோதரிகளுக்கு ஒரு முக்கிய விஷயம். வலி தொடங்குமுன் கண்முன் மின்னல்போல் வளைகோடுகள் ஓடுவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது, கை, வாய் மரத்துப்போவது ஆகியவை உண்டா? உண்டென்றால் மாலா-என், மாலா-டி போன்ற மாத்திரைகள் உங்களுக்குக் கூடாது. பக்கவாத அபாயம் உண்டு. நர்சம்மாவிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். காப்பர்-டி, சாயா மாத்திரை, நிரோத் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

சில தலைவலிகளுக்குக் காலண்டர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இடி விழுந்ததுபோல் திடீரென்று வருவது, காய்ச்சலோடு பிடரி விறைப்பது, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வருவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது. இவற்றோடு, கர்ப்பிணிக்கு ஐந்து மாதத்துக்கு மேல் வரும் கடும் தலைவலி ரத்தக் கொதிப்பின் அறிகுறியாகலாம். பிள்ளை பெற்ற சில வாரங்களில் வருவது மூளை ரத்தக்குழாய் அடைப்பாகலாம். உடனே 108 வண்டியைக் கூப்பிடுங்கள்.

மற்றவர்கள் ஒரு மாதக் காலண்டர்த் தாளையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். காலி அட்டையையும் எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். பெயர் தெரிய அதுதான் உதவும். தேவைப்பட்டால் அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்.