நெறியாளரின் தயவும் ஆய்வு மாணவரின் உரிமையும்

உயிரித் தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளும் இளைஞர்களில் பலர், ‘கைடு’ என்று ஆய்வகத்தில் வழங்கப்படும் நெறியாளரின் தயவு ஒன்றே தங்கள் பட்டத்துக்கு ஆதாரம் என்ற எண்ணத்துடன் ஆய்வகத்தில் பிரவேசிக்கிறார்கள். குருபக்தி உத்தமமான குணந்தான். ஆயினும் விதிப் புத்தகத்தை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பக்தியைச் செலுத்துவதே விவேகம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, இந்தப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் வரை சலுகையும், மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றின் நிமித்தம் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. பேராசிரியர் ஒருவர் ஏககாலத்தில் எட்டு மாணவருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருத்தலாகாது என்பதால், சேருமுன்பே அவரிடம் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்வதில் தவறில்லை. ஆய்விதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இவ்விதிகளில் இல்லையாயினும், பல்கலைக்கழகங்கள் தனியே விதிக்கக்கூடும்.

இத்துறைக்கே உரிய அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. செல் வளர்ப்பில் பூஞ்சை புகுந்தாலும், குளோனிங் பலிக்காமற்போனாலும், மாதக்கணக்கான பிரயாசை ஒரே இரவில் வீணாகிவிடும். அந்தத் தோல்வியையும் தேதியிட்டு ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு பருவத்திலும் கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வைத்தவருக்கு, பின்னர் கால நீட்டிப்பு கோருகையில் கையில் சாட்சியம் இருக்கும். அக்குறிப்பேடே கண்டுபிடிப்பில் அவருடைய பங்கையும் நிரூபிக்கும். கண்டுபிடித்தவரின் பெயர் காப்புரிமையில் இடம்பெற வேண்டுமென்று கோரக் காப்புரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் விண்ணப்பிக்குமுன் கருத்தரங்கில் சுவரொட்டியாக வைத்துவிட்டால், புதுமை போயிற்று என்ற ஆட்சேபம் எழக்கூடும். மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரியையோ மூலிகையையோ ஆதாரமாகக் கொண்ட கண்டுபிடிப்பானால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியோ பதிவோ தேவைப்படும்.

தேக அபாயமும் அற்பமன்று. டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் எத்திடியம் புரோமைடும், ஜெல்லாக உறையுமுன் நரம்பைத் தாக்கும் அக்ரிலமைடும் புழங்கும் மேசையில், கையுறையும் தனிக் கழிவுத் தொட்டியும் கேட்டுப் பெறுவது ஆடம்பரம் அல்ல. மரபணு மாற்ற ஆய்வு நடக்கும் நிறுவனத்தில் உயிரிப் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும்.

நெறியாளருடன் மனக்கசப்பு முற்றிவிட்டால், மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்கு எழுதலாம். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லையேல் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பாலியல் தொந்தரவானால் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் செய்வது முறை. எதையும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திராமல், எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.