உங்களுக்குத் தெரியுமா? டொமைன் ஏலத்தில் எதிரே நிற்பது யார்?

ஊரில் கண்மாய் மீனுக்கோ புளியமரத்துக்கோ ஏலம் விட்டால், கேட்பவர் யார், அவர் யாருக்கு மச்சான் என்பதுவரை கூட்டத்துக்குத் தெரியும். டொமைன் (இணையதளப் பெயர்) ஏலத்தில் தெரிவது ஒரு புனைபெயரும் ஏறிக்கொண்டே போகும் தொகையும் மட்டும்தான். நியூ ஜெர்சியின் எடிசனிலோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலோ டெக்சஸின் ஃப்ரிஸ்கோவிலோ உட்கார்ந்து கடைக்கும் கன்சல்டன்சிக்கும் பெயர் தேடுபவர்களுக்கு இந்தத் துணுக்குகள்.

● வேலியே பயிரை மேய்ந்தது

ஒரேகான் மாநிலம் போர்ட்லேண்டின் ஸ்னாப்நேம்ஸ், காலாவதியான டொமைன்களை ஏலம் விட்டுப் பெயர் வாங்கிய நிறுவனம். அதன் ஏலங்களில் 'ஹால்வாரெஸ்' என்ற புனைபெயர் அடிக்கடி தலைகாட்டி விலையை ஏற்றிவிடும். அது வெளியாள் அல்ல, தங்கள் அதிகாரிகளில் ஒருவர்தான் என்று 2009 நவம்பரில் நிறுவனமே அறிவித்தது. 2005 முதல் நடந்த ஏலங்களில் சுமார் 5 சதவீதத்தில் அவர் புகுந்திருந்தார். அவரால் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு வித்தியாசத் தொகையை 5.22 சதவீத வட்டியோடு திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது.

● டம்மி ஆள் ஜெயிக்க வருவதில்லை

இணைய ஏலத்தில் உங்கள் உச்சத் தொகையை முன்னாலேயே பதிந்துவிடலாம். கணினி உங்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். உங்கள் உச்சம் 2,000 டாலர், நிஜப் போட்டியாளரின் உச்சம் 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பெயர் 610 டாலர் வாக்கில் உங்களுக்கு வந்துவிடும். நடுவில் ஒரு டம்மி ஆள் 1,900 வரை கேட்டுவிட்டு ஒதுங்கினால், அதே பெயருக்கு நீங்கள் 1,900-க்கு மேல் கொடுப்பீர்கள். ஏலம் உங்களுக்கே விழுந்ததால் சந்தேகமும் வராது. நீங்கள் பதிந்த உச்சத் தொகையைப் பார்க்கும் வசதி உள்ளே வேலை செய்பவருக்கு இருந்தால், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஊழியர்கள் ஏலம் கேட்கக் கூடாது என்ற விதியின் அவசியம் இதுதான்.

● 25 சென்ட்டிலிருந்து 1,35,805 டாலர்

விற்பவரே வேறு பெயரில் கேட்பது இன்னொரு வகை. 2000-ஆம் ஆண்டு மே மாதம், சான் ஹோசேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஈபே தளத்தில் ஓர் ஓவியம் 25 சென்ட்டில் ஏலத்துக்கு வந்தது. மூலையில் ஓர் எழுத்துச் சுருக்கமும் '52' என்ற எண்ணும் இருந்தன. பெர்க்லியில் வாழ்ந்த புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்னின் கைவண்ணம் என்று பார்த்தவர்கள் முடிவுகட்ட, விலை 1,35,805 டாலரைத் தொட்டது. கையெழுத்து போலி. விற்றவரே கேட்டிருந்ததும் தெரியவர, ஈபே விற்பனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு மூன்று பேர் மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது.

● காட்டினாலும் தொல்லை, மறைத்தாலும் தொல்லை

2007 வாக்கில் ஈபே, விலை கூடிய பொருள்களுக்கு ஏலம் கேட்பவர்களின் அடையாளப் பெயரை மறைக்கத் தொடங்கியது. தோற்றவர்களைத் தேடிப் பிடித்து, 'அதே பொருள் உங்களுக்கே' என்று ஏமாற்றும் மின்னஞ்சல் அனுப்பும் கும்பலைத் தடுக்க அந்த ஏற்பாடு. ஆனால் ஒரே ஆள் ஒரே விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் சுற்றிச் சுற்றி வருவதைப் பொதுமக்கள் கண்டுபிடிப்பதும் அதோடு கடினமாகிவிட்டது.

● மூன்று மாநிலத்திலும் ஒரே சட்டம்

ஏலம் விடுபவர் தெரிந்தே விற்பவர் தரப்புக் கேள்வியை ஏற்றுக்கொண்டு, அப்படிக் கேட்கும் உரிமை உண்டு என்று முன்கூட்டியே அறிவிக்காமல் விட்டால், வாங்கியவருக்கு இரண்டு வழிகள் உண்டு. விற்பனையை ரத்து செய்யலாம். அல்லது கடைசியாக நேர்மையாகக் கேட்கப்பட்ட விலைக்கே பொருளை எடுத்துக்கொள்ளலாம். நியூ ஜெர்சியில் இது 12ஏ:2-328, கலிஃபோர்னியா வணிகச் சட்டத்தில் 2328, டெக்சஸில் 2.328. எண்கள் ஒத்துப்போவது தற்செயல் அல்ல. மூன்றுக்கும் மூலம் ஒரே மாதிரிச் சட்டம். சிக்கல் என்னவென்றால் அது பேசுவது சரக்குகளைப் பற்றி. டொமைன் சரக்கா என்பதில் வழக்கறிஞர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

● சரக்கோ இல்லையோ, சொத்து!

மேட்ச்.காம் தளத்தைத் தொடங்கிய கேரி கிரெமென், செக்ஸ்.காம் என்ற பெயரை 1994-இல் பதிந்து வைத்திருந்தார். ஒரு போலிக் கடிதத்தைக் காட்டி வேறொருவர் அதை 1995-இல் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், டொமைன் ஒரு சொத்துதான், அதைக் கைமாற்றிவிட்ட பதிவு நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும் என்று 2003-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே இந்திய உச்ச நீதிமன்றம், சென்னையின் சிஃபி நிறுவனம் தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்றது.

● ஏலத்துக்கு வந்த திருட்டுச் சொத்து

பி2பி.காம் என்ற பெயரை அதன் உரிமையாளர்கள் 2005-இல் 1,60,000 டாலருக்கு வாங்கினார்கள். மறு ஆண்டே அது அவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போனது. பிறகு ஈபே ஏலத்தில் 1,11,000 டாலருக்கு மேல் கொடுத்து ஒரு என்பிஏ கூடைப்பந்து வீரர் அதை வாங்கினார். திருட்டுச் சொத்து என்று அவருக்குத் தெரியாது. நியூ ஜெர்சியின் யூனியன் ஊரைச் சேர்ந்த இளைஞர் 2009-இல் கைதாகி, 2011-இல் ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். அமெரிக்காவில் டொமைன் திருட்டுக்கு விழுந்த முதல் தண்டனை என்று அன்றைய செய்திகள் எழுதின.

● 275 என்றால் எவ்வளவு?

2007-இல் நடந்த ஒரு நேரடி ஏலத்தில் கவ்பாய்ஸ்.காம், டல்லஸ் கவ்பாய்ஸ் கால்பந்து அணியின் கைக்கு '275'-க்கு விழுந்தது. அணியின் தரப்பு அதை 275 டாலர் என்று எடுத்துக்கொண்டதாம். அது 2,75,000 என்று தெரிந்ததும் பின்வாங்கினார்கள். பெயர் வேறொரு குழுவுக்கு 3,70,000 டாலருக்குப் போனது. அதே அணி 2010 நவம்பரில் தன் சொந்தத் தளமான டல்லஸ்கவ்பாய்ஸ்.காமைப் புதுப்பிக்க மறந்தது. பயிற்சியாளரை நீக்கிய அன்று ரசிகர்கள் வந்து பார்த்தால் தளத்தையே காணோம்!

● உங்கள் பெயரும் ஏலத்துக்கு வரலாம்

காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்த ஐந்து நாளுக்குள் மீண்டும் ஒரு முறையும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. பழைய வேலையின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அது உங்களுக்கு வந்துசேராது. நீங்கள் புதுப்பிக்க இன்னும் அவகாசம் இருக்கும்போதே பல நிறுவனங்கள் பெயரை ஏலத்தில் ஏற்றிவிடும். நீங்கள் விழித்துக்கொண்டு பணம் கட்டினால் ஏலம் ரத்து. யாரும் புதுப்பிக்காத .காம் பெயருக்கு 30 நாள் மீட்புக் காலமும், அதன்பின் 5 நாள் காத்திருப்பும் உண்டு. பிறகு பெயர் விடுதலை.

● ஒரு பந்தயத்துக்கு ஆயிரம் குதிரைகள்

விடுதலையான பெயரை நொடிக்கும் குறைவான நேரத்தில் பிடித்து ஏலம் விடுவது தனித் தொழில். ஒவ்வொரு பதிவு நிறுவனமும் இத்தனை இணைப்புகளில்தான் கேட்கலாம் என்று வரம்பு இருப்பதால், அதிக உரிமம் வைத்திருப்பவருக்கு அதிக வாய்ப்பு. கொலராடோ மாநிலம் டென்வரின் டிராப்கேட்ச் 2016-இல் ஒரே வீச்சில் 500 உரிமங்களைக் கூடுதலாக வாங்கி, ஆயிரத்துக்கும் மேல் கையில் வைத்திருந்தது. விண்ணப்பக் கட்டணமே ஒன்றுக்கு 3,500 டாலர். விதிக்கு உட்பட்டதுதான். ஒற்றை ஆளாகக் காத்திருப்பவருக்கு வாய்ப்பு எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

● ஜெயித்தவர் பின்னால் நின்றவர்

.காம் போன்ற கடைசிப் பகுதிகளையும் ஐகேன் ஏலம் விட்டிருக்கிறது. .ஆப்-ஐ மவுன்டன் வியூவின் கூகுள் 2015-இல் 2,50,01,000 டாலருக்கு எடுத்தது. 2016 ஜூலையில் .வெப் 13.5 கோடி டாலருக்குப் போனது. கேட்டது நு டாட்கோ என்ற சிறிய நிறுவனம். பணம் .காமை நடத்தும் வெரிசைனுடையது என்பது ஏலம் முடிந்த பிறகு, பங்குச் சந்தை ஆணையத்துக்கு வெரிசைன் கொடுத்த அறிக்கையில்தான் வெளிப்பட்டது. ஏலத்தில் தோற்ற அஃபிலியாஸ் நிறுவனம் முறையிட்டது. அந்தப் புகாருக்கு முடிவு சொல்லாமல் விட்டதால் ஐகேன் தன் சொந்த விதிகளையே மீறிவிட்டது என்று 2021 மே மாதம் தீர்ப்பாயம் சொன்னது.

● தோற்றால் லாபம்

இத்தகைய புதிய கடைசிப் பகுதிகளுக்கான 2012 சுற்றில் ஒரே பெயருக்குப் பலர் விண்ணப்பித்திருந்தால், தங்களுக்குள் தனியார் ஏலம் நடத்திக்கொள்ள முடிந்தது. ஜெயித்தவர் கொடுத்த பணம் தோற்றவர்களுக்குப் பங்கு. தோற்பதற்கென்றே விண்ணப்பிக்கவும் இது வழி திறந்தது. 1,85,000 டாலராக இருந்த விண்ணப்பக் கட்டணம் 2026 சுற்றுக்கு 2,27,000 ஆனது. தனியார் ஏலத்துக்குத் தடை.

● விலை எப்போது வெளியே வரும்?

ஃபாஸ்டர் சிட்டியின் குவின்ஸ்ட்ரீட் 2010-இல் கார்இன்சூரன்ஸ்.காமை அதன் தொழிலோடு சேர்த்து 4.97 கோடி டாலருக்கு வாங்கியதும், 2019-இல் வாய்ஸ்.காம் 3 கோடிக்குக் கைமாறியதும் ஊருக்கே தெரியும். இரண்டிலும் ஒரு தரப்பு பங்குச் சந்தை நிறுவனம், கணக்குக் காட்டியாக வேண்டும். மற்றப் பெரிய விற்பனைகளில் பலவும் ரகசிய ஒப்பந்தத்தோடு முடிகின்றன. 'இந்தப் பெயருக்கு மார்க்கெட் விலை இது' என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த விற்பனைகளை வைத்து என்று கேளுங்கள்.

● மறைப்பதில் ஏலக்காரருக்கும் நஷ்டம்

ஏலக் கோட்பாட்டுக்காக 2020-இல் நோபல் பெற்ற ஸ்டான்ஃபோர்டின் பால் மில்குரோமும் ராபர்ட் வில்சனும் ஒரே தெருக்காரர்கள். சேதியைச் சொல்ல வில்சன் நள்ளிரவில் போய் மில்குரோம் வீட்டுக் கதவைத் தட்டினார். மில்குரோமும் ராபர்ட் வெபரும் 1982-இல் எழுதிய கட்டுரையின் முடிவு: பொருளைப் பற்றிய விவரத்தை நேர்மையாக வெளியிட்டால், சராசரியில் விற்பவருக்கு வரும் விலை கூடும். அதிகம் கொடுத்து ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் குறைய, வாங்குபவர் துணிந்து கேட்பார்.

● கேட்பதற்கு முன் கேளுங்கள்

ஊழியர்களும் சகோதர நிறுவனங்களும் ஏலம் கேட்கலாமா? குறைந்தபட்ச விலை உண்டா? விற்பவர் தரப்பு கேட்கும் உரிமை அறிவிக்கப்பட்டிருக்கிறதா? முடிந்த பிறகு ஏல வரலாறு கண்ணுக்குத் தெரியுமா? பழைய உரிமையாளர் கடைசி நேரத்தில் திரும்ப எடுத்தால் பணம் எப்போது வரும்? பதில்கள் விதிமுறைப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பெரிய தொகை என்றால், பெயர் கைமாறும்வரை மூன்றாம் தரப்பு பணத்தைப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ வழியாக மட்டும் கொடுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பெயர்களுக்குப் பஞ்சமில்லை.