நாள்பட்ட அச்சமும் பழக்கத்தின் பிடியும்

மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேளாண்மை செய்கிறவருக்கு அறுவடை நெருங்கினால் நித்திரை இல்லை. இரவில் யானைக் காவல், பகலில் கடன்காரர் கவலை. மூத்தவர்களுக்கு இதற்கும் முந்திய அச்சம் ஒன்று உண்டு. 1987 ஜனவரியிலும் 1991 ஜூன் 12ஆம் திகதியும் இப்பகுதியில் படையினர் பொதுமக்களைக் கொன்றனர். அதன் பின்னும் ஆண்டுக்கணக்காகப் போர் நீடித்தது.

ஓயாத நெருக்கடி மூளையை என்ன செய்கிறது? எதிர்பார்த்ததைவிட நல்லது கிடைத்தால் நம் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கும். எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் குறையும். குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டறிந்தது இது. எதைத் திரும்பச் செய்யலாம், எதை விடலாம் என்று மூளை கற்பது இந்த ஏற்ற இறக்கத்தால்தான். நெருக்கடி ஓயாதபோது நிலை வேறு: வாரக்கணக்கில் சிறுசிறு தொல்லைகளுக்கு ஆளான எலிகளுக்குச் சீனித் தண்ணீரில் இருந்த நாட்டமே குறைந்துவிடுகிறது. ஒன்றிலும் மனம் போகவில்லை என்று நம்மவர் சொல்வதற்கு மிக நெருங்கிய நிலை இது.

2009இல் போர்த்துக்கல் ஆய்வாளர்கள் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. எலிகள் ஒரு நெம்புகோலை அழுத்தி இரை பெறப் பழகின. பிறகு அதே இரையை அவற்றுக்கு வயிறு நிறையக் கொடுத்தார்கள். சாதாரண எலிகள் அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. மூன்று வாரம் நெருக்கடியில் வைக்கப்பட்டவையோ வேண்டாத இரைக்காகவும் அழுத்திக்கொண்டே இருந்தன. அவற்றின் மூளையைப் பார்த்தபோது, பலனை எடைபோடும் பகுதிகளில் நரம்புக் கிளைகள் சுருங்கியிருந்தன. பழக்கத்தை நடத்தும் பகுதியில் அவை செழித்திருந்தன.

எலியை வைத்து மனிதரை அளந்துவிட முடியாது, உண்மைதான். ஆனால் பெரும் பரீட்சைக்கு நெடுநாள் படித்துக் களைத்த மாணவர்களிடமும் அதே குழுவினர் இந்தப் போக்கைக் கண்டார்கள். பயனில்லை என்று தெரிந்தும் ஒருவர் அதே கடனை, அதே குடியை, அதே வழியையே நாடும்போது “சொல்வழி கேளாதவன்” என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு அவசரமானது என்பேன். நெருக்கடி நாளில் யோசிக்காமல் ஓடத் தெரிந்தவன்தான் பிழைத்தான். பழக்கத்துக்கு அன்று பயன் இருந்தது.

அந்த மாணவர்கள் பரீட்சை முடிந்து சில வாரம் ஓய்ந்திருந்ததும் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். போரும் கடனும் பரீட்சையைப் போல ஒரு திகதியில் முடிவதில்லை. ஆகவே உதவி வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள்.