பேட்டன் ரூஜ் நகரின் ஓயாத வழக்கு

அமெரிக்காவின் தென்பால், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்திருப்பது பேட்டன் ரூஜ் நகர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். பெப்ரவரித் திங்களில் பேஸ்போல் பருவம் தொடங்கியதும், அப்பல்கலைக்கழகத்தின் ஆட்டரங்கிற்கு வெளியே பெரிய இரும்புப் பாத்திரங்களில் ஜம்பாலயா என்னும் காரச்சோறு வேகத் தொடங்கிவிடும். ஆட்டம் மாலையிலேயெனினும் கூட்டம் முற்பகலிலேயே வந்து கூடும். அடுப்பைச் சுற்றி நிற்பவருள் நரைத்த தலையினரும் உளர். நேற்றுச் சேர்ந்த மாணவரும் உளர். பேச்சு எதிலே தொடங்கினாலும் முடிவில் வந்து சேருமிடம் ஒன்றே. இக்கல்லூரிக்கு ஆடியவருள் தலைசிறந்தவர் யார்?

அரங்கின் பெயர் அலெக்ஸ் பொக்ஸ் அரங்கு. இதே அணியில் ஆடிப் பின் இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்காவில் உயிர்நீத்த மாணவர் ஒருவரின் பெயர் அது. பழைய அரங்கிலிருந்து 2009இல் எழுந்த புதிய அரங்கிற்கும் அப்பெயரையே கொண்டு சென்றனர்.

கிரிக்கெட்டிற் பழகிய நம் வாசகருக்கு ஓரிரு சொற்கள் கூறிவிடுவது நன்று. பேஸ்போலில் துடுப்பாடுபவர் மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் வெளியேற வேண்டும்; இதனை 'ஸ்ட்ரைக் அவுட்' என்பர். பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் அது 'ஹோம் ரன்'. அடித்தவரும், அவருக்கு முன்னரே தளங்களில் நிற்பவரும் ஓட்டம் பெறுவர். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் கல்லூரிகளின் இறுதிச் சுற்று நடைபெறும். 'ஒமாஹா' என்ற சொல்லே இம்மாணவருக்கு ஒரு புண்ணியத்தலத்தின் பெயர்போல ஒலிக்கும்.

லூசியானாவின் அணி நெடுங்காலம் பெரும்புகழின்றியே இருந்தது. ஸ்கிப் பேர்ட்மன் என்பவர் 1984இல் பயிற்றுநராய்ப் பொறுப்பேற்ற பின்னரே காலம் மாறிற்று. 1991, 1993, 1996, 1997, 2000 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அவர் வெற்றிக் கிண்ணத்தைக் கொணர்ந்தார். பின்னர் 2009, 2023, 2025 ஆகிய ஆண்டுகளிலும் கிண்ணம் வந்தது. ஆகவே எட்டு வெற்றிகளின் வீரர்கள் வழக்கில் நிற்கின்றனர்.

வழக்கிலே முதற்கட்சி பென் மக்டொனால்டின் கட்சி. அயலூராகிய டென்ஹம் ஸ்பிரிங்ஸில் வளர்ந்த நெடிய இளைஞர் அவர். 1988இல் சோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காகப் பந்தெறிந்து வெற்றி பெற்றார். 1989இல் 202 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவ்வாண்டு தொழில்முறை அணிகள் இளைஞரைத் தெரிந்தெடுத்தபோது நாட்டிலேயே முதலாவதாகத் தெரிவானவரும் அவரே. ஆனால் அவர் காலத்தில் ஒமாஹாவிலிருந்து கிண்ணம் வரவில்லை. 1987இல், முதலாண்டு மாணவராக அவர் பந்தெறிந்துகொண்டிருக்கையில், பத்தாவது இன்னிங்ஸில் ஸ்டான்போர்ட் வீரர் போல் கேரி ஒரே அடியில் நான்கு ஓட்டங்களைப் பெற்று லூசியானாவை வெளியேற்றினார். நரைத்த தலையினர் அந்த அடியை இன்றும் மறக்கவில்லை. மறவாமலே அவரை முதல்வர் என்கின்றனர். நம் வீட்டுப் பிள்ளை என்ற பாசம் இதிற் பாதி.

இரண்டாம் கட்சி இளைஞருடையது. அவர்களின் நாயகர் போல் ஸ்கீன்ஸ். விமானப்படைக் கலாசாலையில் ஈராண்டு பயின்று, அங்கே பந்தெறிந்தும் துடுப்பெடுத்தும் ஆடிய பின்னர் இங்கு வந்தவர். இங்கு ஆடியது ஒரே பருவம்: 2023. அந்த ஒரே பருவத்தில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து மக்டொனால்டின் கணக்கைக் கடந்தார். அதுவும் அவரைவிடச் சுமார் முப்பது இன்னிங்ஸ் குறைவாக எறிந்து. வேக் பொரெஸ்ட் அணிக்கெதிராக எட்டு இன்னிங்ஸ் வரை ஓர் ஓட்டமும் கொடாமல் நின்றார். பதினோராவது இன்னிங்ஸில் டொமி வைட் அடித்த ஹோம் ரன் 2-0 என அவ்வாட்டத்தை முடித்தது. அதன் பின் கிண்ணம் வந்தது. தொழில்முறை அணிகளின் தெரிவில் ஸ்கீன்ஸ் முதல்வர். அவருடன் ஆடிய டிலன் குரூஸ் இரண்டாமவர். ஒரே கல்லூரியிலிருந்து முதலிரு இடங்களும் போனது அதுவே முதன்முறை. குரூஸும் இலேசானவரல்லர். அவ்வாண்டில் அணி ஆடிய 71 ஆட்டங்களுள் ஒன்றிலேனும் அவர் தளத்தை அடையாதிருந்ததில்லை.

முதியவர்கள் இதை ஒப்புவரா? "ஒரு பருவம் தங்கிச் சென்றவர் விருந்தாளி" என்பது அவர்களின் வாதம். 2021இல் விதிகள் தளர்ந்த பின், மாணவ வீரர் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றிற்குத் தடையின்றி மாறுகின்றனர். விளம்பரங்களாற் பணமும் பெறுகின்றனர். முதியவரின் கசப்பு ஸ்கீன்ஸ் மேலன்று, இம்மாற்றத்தின் மேலேயே என்று எனக்குத் தோன்றுகின்றது. தங்கள் இளமையில் மூன்றாண்டு நான்காண்டு ஒரு பிள்ளை வளர்வதைப் பார்த்திருந்தவர்கள், இப்போது வருபவரின் பெயரைப் பழகுமுன்னரே வழியனுப்ப நேர்கின்றது.

மூன்றாவது கட்சிக்கு ஒரே ஒரு சான்றுதான் உண்டு. 1996 ஜூன் 8. மயாமி அணியுடன் இறுதியாட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், மயாமி 8, லூசியானா 7. இருவர் வெளியேறிவிட்டனர்; மூன்றாம் தளத்தில் ஒருவர் நிற்கின்றார். வாரன் மொரிஸ் துடுப்புடன் வருகின்றார். கையில் ஓர் எலும்பு முறிந்து அப்பருவத்திற் பெரும்பகுதியை ஆடாது கழித்தவர் அவர். அவ்வாண்டு ஒரு ஹோம் ரன்னும் அடித்தவரல்லர். முதற் பந்தையே அடித்தார். தாழப் பறந்த பந்து வலப்புற வேலியை மயிரிழையில் தாண்டிற்று. மயாமி வீரர் களத்திலே குப்புற வீழ்ந்தனர். 9-8.

இத்தகைய ஒரு கணம் ஒருவரைத் தலைசிறந்தவராக்குமா? ஆக்காது என்பதே என் கருத்து. ஆயினும் அந்தக் கட்சியாரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அன்று தாம் எங்கே நின்றோம் என்பதை அவர்கள் சொல்லத் தொடங்கிவிடுவர். வீரரைப் பற்றிய வாதம் அங்கே முடிந்து, தத்தம் வாழ்க்கையைப் பற்றிய கதை தொடங்கிவிடும்.

பிற்காலப் புகழைக் கொண்டு அளப்பவரும் உளர். அவர்களின் பட்டியல் நீண்டது. 1954இல் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்த ஜோ அட்கொக் இங்கு பயின்றவர். 1995இல் ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன்னும் 50 இருதள அடிகளும் பெற்ற அல்பேர்ட் பெல்லும் அவ்வாறே. ஸ்கீன்ஸ் 2025இல் தேசிய லீகின் மிகச் சிறந்த பந்தெறிவீரருக்கான சை யங் விருதைப் பெற்றார். எனினும் இவ்வளவுகோல் எனக்கு உடன்பாடன்று. பட்டம் பெற்றுச் சென்ற மாணவன் பிற்காலத்தில் மந்திரியானதைக் கொண்டு, வகுப்பில் அவன் முதல்வனாயிருந்தான் என்று எந்த ஆசிரியராவது கூறுவாரா?

இங்கேதான் எட்டி பேர்னிஸ் என்பவரின் பெயரை நான் முன்வைப்பேன். 1995 முதல் 1998 வரை நான்கு பருவங்கள். அவற்றுள் இரண்டிற் கிண்ணம். மொத்தம் 80 ஹோம் ரன். தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் அதற்கு முன் எவரும் எட்டாத எண். 1998இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான டிக் ஹௌசர் விருதும் அவருக்கே. அதன் பின்? பெரிய லீகில் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அவர் பெயர் கேட்டு அமெரிக்காவின் பிற நகரத்தார் விழிப்பர். பேட்டன் ரூஜில் மாத்திரம் அவர் அணிந்த 36ஆம் இலக்கத்தை வேறெவருக்கும் கொடாது வைத்திருக்கின்றனர். அவருடைய புகழ் முழுவதும் இக்கல்லூரிக்கே சொந்தம். பங்கு கேட்க வேறு அணி இல்லை.

இதற்கும் மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பே. 1974 முதல் கல்லூரி ஆட்டங்களில் அலுமினியத் துடுப்பு வழங்கிற்று. பேர்னிஸின் காலத்தில் அத்துடுப்பின் வீச்சு உச்சத்திலிருந்தது. 1997இல் இவ்வணி மட்டுமே 188 ஹோம் ரன் அடித்தது. அவற்றுள் 40 பிரண்டன் லார்சன் என்ற ஒருவருடையவை. 2011இல் விதி இறுகியது. துடுப்பின் வேகம் மரத்துடுப்பை ஒத்ததாகக் குறைக்கப்பட்டது. ஆகவே பேர்னிஸின் எண்பதையும் இன்றையவர் ஒருவரின் நாற்பதையும் ஒரே தராசில் வைத்தல் பிழை. அதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் அதே துடுப்பு அக்காலத்தவர் எல்லார் கையிலும் இருந்ததே! எண்பதை அடித்தவர் அவரன்றி வேறெவர்?

எவர் கையிலேனும் பந்தொன்றைக் கொடுத்து ஓர் ஆட்டத்தை வென்று தரக் கேட்பதாயின் நானும் ஸ்கீன்ஸையே அழைப்பேன். கல்லூரியின் வீரர் யார் என்று கேட்டால் பேர்னிஸ் என்பேன். அடுப்படிக் கூட்டம் இவ்விரண்டையும் ஒரு வினாவாக்கிவிட்டதனாலேயே வழக்கு முடிவதில்லை.

2025 ஜூனில் மீண்டும் ஒமாஹா. கேட் அன்டர்சன் என்னும் இடக்கை வீரர், தொடர்ந்து 26 ஆட்டங்களில் வென்று வந்த கோஸ்டல் கரோலினா அணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் ஒன்பது இன்னிங்ஸையும் தாமே எறிந்து முடித்தார். 1-0. மறுநாள் கிண்ணமும் வந்தது. அவரும் அடுத்த மாதமே தொழில்முறை அணிக்குத் தெரிவாகிப் போய்விட்டார். ஆனால் லூசியானா மண்ணிற் பிறந்த பிள்ளை என்பதனால், நரைத்த தலையினர் இம்முறை அவ்வளவாகக் கசந்துகொள்ளவில்லை போலும்.